தோட்டத்துப் பாட்டுகளைப் பதிவோர் கவனத்துக்கு: எந்த மைக் கேட்கிறது என்று முதலில் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டங்களில் மூத்தவர்களின் பாட்டுகளையும் பழங்கதைகளையும் பதிவு செய்து வைக்க வேண்டும் என்ற எண்ணம் இளைஞர்களிடம் நன்றாக வேரூன்றியிருக்கிறது. தமிழகத்திலிருந்து தோட்ட வேலைக்கு ஆட்கள் வரத் தொடங்கிய ஆண்டாகக் கொள்ளப்படும் 1823ஐத் தொடக்கமாக வைத்து 2023இல் மலையக மக்களின் இருநூறு ஆண்டுகள் நினைவுகூரப்பட்டபோது அந்த எண்ணத்துக்கு மேலும் வலு சேர்ந்தது. மலையக எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளை போன்றோர் தேடித் தொகுத்ததால் பல பாட்டுகளின் வரிகள் இன்று அச்சில் இருக்கின்றன. அந்த வரியை அம்மாயி எப்படி இழுத்தார், எந்த இடத்தில் மூச்சு வாங்கினார், தப்பு மேளம் எங்கே வேகம் பிடித்தது என்பதெல்லாம் ஒலிப்பதிவில் மட்டுமே தங்கும். அதனால்தான் பதிவின் தரத்தைப் பற்றி இவ்வளவு நீளமாக எழுதுகிறோம்.

எடுத்து வரப்படும் பதிவுகளில் ஒரே குறை திரும்பத் திரும்ப வருகிறது. பாடுகிறவரின் குரல் எங்கோ தூரத்தில் கேட்கிறது. லெப்டொப்பின் காற்றாடிச் சத்தமும் விசை தட்டும் ஓசையும் காதுக்குப் பக்கத்தில் கேட்கின்றன. "தனி மைக் சொருகித்தானே எடுத்தோம், மைக் பழுது போல" என்கிறார்கள். பெரும்பாலும் அந்த மைக்கில் எந்தப் பழுதும் இருக்காது. அது பதியவே இல்லை. லெப்டொப் தன் உடம்பிலேயே இருக்கும் சின்ன மைக்கில் பதிந்துகொண்டிருக்கிறது. சத்தமே வராவிட்டால் உடனே தெரிந்துவிடும், திருத்தலாம். ஏதோ ஒரு சத்தம் பதிவாகிவிடுவதால் வீட்டுக்குப் போகும்வரை யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. எண்பது வயதுக்காரரை மறுபடி உட்கார வைத்துப் பாடச் சொல்வது எல்லா நேரமும் நடக்கிற காரியமல்ல.

ஆகவே வேறு எதையும் பார்க்கும் முன் இதைச் செய்யுங்கள். பதிவை ஓட விட்டு, சொருகிய மைக்கின் தலையை நகத்தால் மெதுவாகச் சுரண்டுங்கள். பிறகு லெப்டொப் திரையின் மேல் விளிம்பில், கேமராவுக்கு அருகே இருக்கும் ஊசித் துளையைச் சுரண்டுங்கள். சில மாதிரிகளில் அந்தத் துளை விசைப்பலகைக்கு மேலேயோ முன் விளிம்பிலோ இருக்கும். பதிவை நிறுத்தி ஹெட்போனில் கேளுங்கள். எந்தச் சுரண்டல் காதைக் குத்துவதுபோல் பெரிதாகக் கேட்கிறதோ, அந்த மைக்தான் வேலை செய்கிறது. "ஹலோ, ஹலோ" என்று பேசிச் சோதிப்பது போதாது. அந்தச் சத்தம் இரண்டு மைக்குக்கும் கேட்கும். ஊதிப் பார்ப்பதும் வேண்டாம், வாயின் ஈரம் உள்ளே போகும்.

லெப்டொப் மைக்தான் பதிகிறது என்று தெரிந்தால், பிளக்கைக் கையில் எடுத்துப் பாருங்கள். 3.5 மில்லிமீற்றர் பிளக்கின் உலோகத் தண்டில் கறுப்போ வெள்ளையோ வளையங்கள் இருக்கும். இரண்டு வளையம் இருந்தால் தண்டு மூன்று துண்டு. மூன்று வளையம் இருந்தால் நான்கு துண்டு. பழைய மேசைக் கணினிகளில் மைக்குக்கு இளஞ்சிவப்புத் துளை, ஹெட்போனுக்குப் பச்சைத் துளை என்று தனித்தனியாக இருந்தன. இன்றைய லெப்டொப்களில் பெரும்பாலும் ஒரே துளைதான், அது நான்கு துண்டுப் பிளக்குக்காகச் செய்யப்பட்டது. நுனி இடது காதுக்கு, அடுத்தது வலது காதுக்கு, மூன்றாவது பொது வயருக்கு, அடியில் இருக்கும் துண்டு மைக்குக்கு. கெமராவுக்கும் பழைய கணினிக்கும் செய்யப்பட்ட மூன்று துண்டு மைக்கை இந்தத் துளையில் சொருகினால், அதன் நீண்ட அடித்துண்டு மூன்றாவது, நான்காவது தொடுமுனைகள் இரண்டையும் ஒன்றாகத் தொட்டுவிடும். மைக்குக்கான பாதை பொது வயரோடு ஒட்டிப்போகிறது. கணினி அதை வெறும் ஹெட்போன் என்று எடுத்துக்கொண்டு, மைக் வேலைக்குத் தன் சொந்த மைக்கையே வைத்துக்கொள்கிறது. சொருகியவர் பக்கத்தில் எல்லாம் சரியாகத்தான் தெரியும்: பிளக் கடைசிவரை போயிருக்கும், "டிக்" என்று பிடித்தும் இருக்கும்.

இதற்கு வேண்டியது ஒரு சின்ன அடப்டர். ஒரு முனையில் நான்கு துண்டுப் பிளக், மறுமுனையில் இரண்டு துளைகள், ஒன்றில் மைக் படம், மற்றதில் ஹெட்போன் படம். வாங்கும்போது வளையத்தை எண்ணுங்கள். இதைப் போலவே இருக்கும் இன்னொரு பொருளும் அதே கடையில், அதே விலைக்குத் தொங்கும்: இரண்டு பேர் ஒரே பாட்டைக் கேட்பதற்கான இரட்டை ஹெட்போன் பிரிப்பான். அதன் பிளக்கில் இரண்டு வளையம்தான், துளைகளின் மேல் மைக் படம் இருக்காது. அது நமது வேலைக்கு உதவாது. சரியான அடப்டரில் மைக்கோடு ஹெட்போனையும் சொருகி வைத்துக்கொள்ளுங்கள், கேட்டுப் பார்க்க அது கட்டாயம் வேண்டும்.

அடப்டர் வாங்கும் முன் இன்னொன்று. பிளக்கைச் சொருகிய உடனே சில லெப்டொப்களில் "நீங்கள் சொருகியது என்ன?" என்று ஒரு சிறு பெட்டி திரையில் எழும்பும். ரியல்டெக் ஒலிச் சிப் உள்ளவற்றில் இதை அடிக்கடி பார்க்கலாம். அவசரத்தில் அதை மூடிவிடுவதோ ஹெட்போன் என்று அழுத்துவதோ வழக்கம். அதில் "மைக் இன்" என்ற தெரிவு இருந்தால் அதை எடுங்கள்; மூன்று துண்டு மைக்கும் அடப்டர் இல்லாமலே வேலை செய்யக்கூடும். நான்கு துண்டு ஹெட்செட் என்றால் "ஹெட்செட்" என்பதை எடுக்க வேண்டும். பெட்டி மறைந்துவிட்டால் பிளக்கைக் கழற்றி மறுபடி சொருகுங்கள்.

பாடசாலைக் கணினி அறைகளில் நடப்பது இதன் மறுபக்கம். கைபேசிக்குச் செய்த நான்கு துண்டு மைக்கை மேசைக் கணினியின் இளஞ்சிவப்புத் துளையில் சொருகினால் மைக் இருக்கும் அடித்துண்டு போய்ச் சேரவேண்டிய இடத்தில் சேராது, சத்தம் வராது. அங்கே வேண்டியது எதிர்மாறான அடப்டர்: நான்கு துண்டுக்கான ஒரு துளை, மூன்று துண்டுப் பிளக் இரண்டு. நீலத் துளையில் சொருகிப் பார்ப்பவர்களும் உண்டு. அது வானொலி, டெக் போன்ற ஏற்கெனவே பலமான ஒலிக்கானது. சட்டையில் குத்தும் சிறு மைக்குகள் எலக்ட்ரெட் வகை. அவற்றுக்கு மைக் துளையிலிருந்து 2 முதல் 5 வோல்ட் வரையான சிறு மின்சாரம் வர வேண்டும். நீலத் துளை அதைக் கொடுக்காது.

சட்டை மைக்குகளில் நமது ஊர்களில் பரவலாக இருப்பது போயா எம்1. அதன் வயரின் நடுவே ஒரு சின்னப் பெட்டி, அதில் ஒரு சுவிட்ச். கைபேசியிலோ ஒற்றைத் துளை லெப்டொப்பிலோ நேரே சொருகினால் சுவிட்ச் கைபேசிப் பக்கம் இருக்க வேண்டும். கெமரா போன்ற மூன்று துண்டுத் துளை என்றால் கெமராப் பக்கம். அப்போது பெட்டிக்குள் இருக்கும் எல்ஆர்44 பட்டன் பட்டரி வேலை செய்தால்தான் சத்தம் வரும். பட்டரியைச் சுற்றியிருக்கும் காகிதத்தை எடுக்காமல் போட்டவர்களும், மாதக்கணக்கில் கெமராப் பக்கமே விட்டு வைத்துப் பட்டரியைத் தீர்த்தவர்களும் "மைக் செத்துப்போச்சு" என்று சொல்வதுண்டு. புதுப் பட்டரி போட்டுப் பாருங்கள்.

கோவில் திருவிழாவுக்கும் கூட்டத்துக்கும் பாவிக்கும் கைமைக் வேறு இனம். அது டைனமிக் வகை, அதற்கு மின்சாரம் வேண்டாம். ஆனால் அது தரும் சிக்னல் ஓரிரு மில்லிவோல்ட் அளவுதான். மூன்று ஊசி எக்ஸ்எல்ஆர் முனையிலிருந்து 3.5 பிளக்குக்கு மாற்றும் வயரைப் போட்டு லெப்டொப்பில் நேரே சொருகினால் குரல் மெலிந்து வரும், கூட்டிப் பார்த்தால் "உஷ்" என்ற இரைச்சலும் சேர்ந்து ஏறும். பிஎம்-800 என்ற பெயரில் வரும் பெரிய தலை மைக் கண்டென்சர் வகை. 3.5 பிளக் வயரோடு விற்றாலும் அதற்கு முழுப் பலம் 48 வோல்ட் கிடைக்கும்போதுதான். இந்த இரண்டு மைக்குக்கும் சரியான வழி யூ.எஸ்.பி. ஓடியோ இன்டர்பேஸ் பெட்டி, அதாவது மைக்கின் சிக்னலைப் பலப்படுத்தி யூ.எஸ்.பி. வயர் வழியாகக் கணினிக்குக் கொடுக்கும் பெட்டி. கண்டென்சர் என்றால் அந்தப் பெட்டியில் 48 என்று எழுதிய பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தாவிட்டால் ஒரு சத்தமும் வராது. வயரின் இரண்டு முனையும் எக்ஸ்எல்ஆர் ஆக இருக்க வேண்டும், ஏனென்றால் பெட்டியின் தடித்த ஜெக் துளை வழியாக 48 வோல்ட் வராது. பொத்தானை அழுத்தும்போது ஒலியளவைக் குறைத்து, ஹெட்போனைக் காதிலிருந்து எடுத்துவிடுங்கள். "டப்" என்று ஒரு வெடிப்பு கேட்கும்.

யூ.எஸ்.பி. மைக்கில் பிளக் குழப்பம் கிடையாது. அதற்குப் பதில் வயர் குழப்பம். கைபேசிச் சார்ஜரோடு வரும் சில வயர்களில் மின்சாரம் போகும் இரண்டு கம்பி மட்டும் இருக்கும், தரவுக் கம்பி இருக்காது. மைக்கில் விளக்கு எரியும், கணினிக்கோ மைக் இருப்பதே தெரியாது. மைக்கோடு வந்த வயரையே பாவியுங்கள். பல துளைப் பெட்டி வழியாகச் சொருகாமல் லெப்டொப்பிலேயே சொருகுங்கள். ஹெட்போன் துளை உள்ள யூ.எஸ்.பி. மைக்கைச் சொருகியதும் லெப்டொப் ஸ்பீக்கர் ஊமையாகிவிட்டது என்று பயப்பட வேண்டாம். கணினி சத்தத்தை மைக்கின் ஹெட்போன் துளைக்குத் திருப்பிவிட்டிருக்கும்.

புளூடூத் காதுமைக்கைப் பாட்டுக்குத் தொட வேண்டாம். மைக் வேலை தொடங்கியதும் அது தொலைபேசி அழைப்பின் தரத்துக்கு இறங்கிவிடும்.

வயர் பக்கம் சரி என்றால் விண்டோஸைத் திறவுங்கள். விண்டோஸ் 11இல் செட்டிங்ஸ், சிஸ்டம், சவுண்ட், இன்புட். அங்கே மைக்குகளின் பட்டியல் இருக்கும். சொருகியதைத் தெரிவு செய்து, பேசும்போது நீலக்கோடு ஏறி இறங்குகிறதா என்று பாருங்கள். கோடு அசைகிறது, பதிவுச் செயலியில் மட்டும் நேர்கோடு வருகிறது என்றால் அனுமதிதான் தடை. செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, அதில் மைக்ரோபோன். மேலே இருக்கும் பொதுச் சுவிட்சைப் போட்டதோடு நின்றுவிடாதீர்கள். பட்டியலின் அடியில் டெஸ்க்டொப் செயலிகளுக்கென்று இன்னொரு சுவிட்ச் இருக்கிறது. ஓடாசிட்டி போன்ற பதிவுச் செயலிகள் அதன் கீழ்தான் வரும். விண்டோஸ் 10இலும் இதே இரண்டு சுவிட்ச், பிரைவசி என்ற தலைப்பில்.

மைக் பட்டியலிலேயே இல்லையென்றால், விண்டோஸ் விசையோடு ஆர் எழுத்தை அழுத்தி, வரும் பெட்டியில் எம், எம், எஸ், வை, எஸ், ஒரு புள்ளி, சி, பி, எல் என்ற எழுத்துகளை இடைவெளியில்லாமல் அடித்து என்டர் தட்டுங்கள். பழைய ஒலிப் பெட்டி திறக்கும். ரெக்கோர்டிங் பக்கத்தில் வெற்றிடத்தில் வலது சொடுக்கு, "ஷோ டிசேபிள்ட் டிவைசஸ்". யாரோ முடக்கி வைத்த மைக் சாம்பல் நிறத்தில் தோன்றும். அதன்மேல் வலது சொடுக்கி எனேபிள் செய்யுங்கள். ஸ்டீரியோ மிக்ஸ் என்ற பெயர் பச்சைச் சரி அடையாளத்தோடு இருந்தால் அதை மாற்றுங்கள். அது மைக் அல்ல, கணினியில் ஓடும் சத்தத்தைப் பதிவது. விசைப்பலகையின் மேல் வரிசையில் குறுக்குக் கோடு போட்ட மைக் படத்தில் சிறு விளக்கு எரிகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஓடாசிட்டியைத் திறந்த பிறகு மைக்கைச் சொருகினால் அதற்கு மைக் தெரியாது. ஓடியோ செட்டப் பட்டியலில் "ரீஸ்கேன் ஓடியோ டிவைசஸ்" அழுத்த வேண்டும், அல்லது மூடித் திறக்க வேண்டும். ரெக்கோர்டிங் டிவைஸ் என்ற இடத்தில் மைக்கின் பெயரையே தெரிவு செய்யுங்கள். "சவுண்ட் மேப்பர்" என்று பெயரில் வருவதை அப்படியே வைத்திருக்காதீர்கள், அது விண்டோஸ் காட்டும் மைக்கை எடுத்துக்கொள்ளும். ஒரு மைக் என்றால் மோனோ. ஸ்டீரியோவில் எடுத்தால் சில நேரம் இடது காதில் மட்டும் சத்தம் வரும்.

எக்ஸ்எல்ஆர் மைக்கை 3.5 வயரால் ஸ்டீரியோத் துளையில் சொருகுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. சில வயர்களில் இரண்டாம் ஊசி இடது பக்கத்துக்கும் மூன்றாம் ஊசி வலது பக்கத்துக்கும் போகும். இரண்டும் ஒரே ஒலியின் நேர் எதிரான வடிவங்கள். ஹெட்போனில் ஏதோ பொள்ளலாகக் கேட்கும், கேட்கத்தான் செய்யும். அதையே ஒற்றை ஸ்பீக்கர் கைபேசியில் போட்டால் ஒன்றையொன்று அழித்துக் குரல் ஏறக்குறைய மறைந்துவிடும். பதிவு கெட்டுவிட்டது என்று அழித்துவிடாதீர்கள். ஓடாசிட்டியில் ட்ராக் பெயரைச் சொடுக்கி "ஸ்பிளிட் ஸ்டீரியோ டு மோனோ" கொடுத்து, இரண்டில் ஒன்றை நீக்கினால் குரல் முழுதாக வந்துவிடும்.

அளவு வைக்கும்போது பாடுகிறவரை அவருடைய உச்சக் குரலில் ஒரு வரி பாடச் சொல்லுங்கள். மீற்றர் மைனஸ் 12க்கும் மைனஸ் 6 டெசிபலுக்கும் நடுவே ஏறினால் போதும். பூச்சியத்தைத் தொட்டால் அலையின் தலை வெட்டுப்படும், அதைப் பிறகு ஒட்ட முடியாது. குறைவாகப் பதிந்ததைக் கூட்டிக்கொள்ளலாம். பழைய ஒலிப் பெட்டியில் மைக்கின் லெவல்ஸ் பக்கத்தில் பூஸ்ட் என்று 10, 20, 30 டெசிபல் படிகள் இருக்கும். சட்டை மைக்குக்கு 10இல் தொடங்குங்கள், போதாவிட்டால் 20. 30க்குப் போனால் இரைச்சல் பாட்டைவிட முன்னே நிற்கும். அதற்குப் பதில் மைக்கைக் கிட்டக் கொண்டுபோங்கள்: சட்டை மைக் தாடைக்குக் கீழே ஒரு சாண், மேசை மைக் வாயிலிருந்து 15 முதல் 20 சென்டிமீற்றர், நேர் முன்னால் வைக்காமல் கொஞ்சம் பக்கவாட்டில். லெப்டொப் ஒரு மீற்றராவது தள்ளி இருக்கட்டும். தப்புக்கு பூஸ்ட் பூச்சியம், மைக் ஒன்றரை இரண்டு மீற்றர் தூரத்தில்.

இனி, பாட்டைப் பதிவோருக்கு மிக முக்கியமானது. விண்டோஸும் லெப்டொப் நிறுவனங்களும் சூம் போன்ற செயலிகளும் இரைச்சல் நீக்கும் வசதியைத் தாமாகவே போட்டு வைத்திருக்கின்றன. அது கூட்டத்தில் பேசுவதற்காகச் செய்யப்பட்டது. பேச்சில் சொற்களும் இடைவெளிகளும் மாறி மாறி வரும். ஏறி இறங்காமல் நீளும் ஒலி எதுவோ அது மின்விசிறிச் சத்தம் என்று அது முடிவு கட்டுகிறது. தாலாட்டில் "ஆராரோ" என்று வரியின் கடைசியில் குரல் தேய்ந்துகொண்டே நீளுமே, அந்த இழுவையைத்தான் அது வெட்டி எடுக்கிறது. கேட்பவருக்குப் பாட்டி சட்டென்று வாயை மூடிக்கொண்டதுபோல் இருக்கும். ஒப்பாரியின் விம்மலும் அப்படியே போய்விடும். காமன் கூத்தில் தப்பின் முதல் அடி கேட்டு அடுத்த அடிகள் அமுங்கிப்போவதும் இதனால்தான். மைக்கின் ப்ரொப்பர்ட்டீஸில் ஓடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸ் என்ற இடத்தில் "ஓஃப்" தெரிவு செய்யுங்கள். லெப்டொப் நிறுவனத்தின் தனி ஒலிச் செயலி இருந்தால் அதிலும் நொய்ஸ் என்ற சொல் வருகிற எல்லாவற்றையும் நிறுத்துங்கள். இரைச்சலைப் பிறகு ஓடாசிட்டியிலேயே குறைக்கலாம், அதற்குப் பாட்டு தொடங்கும் முன் யாரும் பேசாமல் ஐந்து விநாடி வெறும் அறையைப் பதிந்து வைத்தால் போதும். அப்போதும் மூலப் பதிவைத் தனியாக வைத்துக்கொண்டு, பிரதியில்தான் கை வையுங்கள்.

"ம்ம்ம்" என்ற அடிநாதம் வந்தால் சார்ஜரைக் கழற்றுங்கள். நமது மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அந்த 50உம் அதன் மடங்குகளான 100, 150உம்தான் அந்த நாதம். சார்ஜரைக் கழற்றியதும் நின்றால் மைக்கில் கோளாறில்லை. எர்த் ஒழுங்காக இல்லாத பிளக் பொயின்ட் பழைய லயங்களில் (தோட்ட வரிசை வீடுகளில்) இன்றும் உண்டு. பட்டரியில் ஓட்டி எடுத்துவிட்டு, பிறகு சார்ஜ் செய்யுங்கள். நாதத்தை நிறுத்துவதற்காகப் பிளக்கின் எர்த் ஊசியை வெட்டும் வேலையை மட்டும் யாரும் செய்ய வேண்டாம், உயிராபத்து. "டிட்-டிட்-டிட்" என்ற வெட்டு வந்தால் அது கைபேசி. அதை ஃப்ளைட் மோடில் போட்டு, மைக் வயரிலிருந்து ஒரு மீற்றர் தள்ளி வையுங்கள்.

தகரக் கூரையில் விழும் மழைச் சத்தத்தைக் குரலுக்குச் சேதமில்லாமல் பிரித்தெடுப்பது மிகக் கடினம். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை ஹட்டன், மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கம் அடிக்கும். அந்த மாதங்களில் பதுளை, பண்டாரவளைப் பக்கம் ஒப்பளவில் காய்ந்திருக்கும். டிசம்பரிலிருந்து பெப்ரவரி வரை பதுளை, பண்டாரவளை அடங்கிய ஊவாவுக்கு மழை. வேலையை அதற்கேற்ப மாற்றிப் போடலாம். மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகலில் இடி மின்னல் அதிகம், காலையில் பதிவது நல்லது. இடி கேட்டால் சார்ஜர் வயரைச் சுவரிலிருந்தே கழற்றிவிடுங்கள்.

குளிரில் பையோடு வந்த மைக்கை அடுப்பு எரியும் காம்பராவுக்குள் எடுத்ததும் அதன் தகட்டில் பனித்துளி படியும். கண்டென்சர் மைக் அப்போது "பொரபொர" என்று பொரியும், சில நேரம் சத்தமே போய்விடும். அரை மணி நேரம் பையிலேயே வைத்து, அறையின் சூட்டுக்கு வந்த பிறகு வெளியே எடுங்கள். நெருப்புக்குக் கிட்டக் காட்டி உலர்த்தக் கூடாது. வீட்டில் வைக்கும்போது மூடி இறுக்கமான டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். அரிசிக்குள் புதைத்தால் தவிட்டுத் தூள் வலைக்குள் போகும். பிளக்கில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தால் ஐசோபுரோப்பைல் அல்கஹோல் தொட்ட துணியால் துடைத்து, காய்ந்த பிறகு சொருகுங்கள். லெப்டொப் துளைக்குள் பஞ்சும் தூசும் அடைந்து பிளக் அரை மில்லிமீற்றர் வெளியே நின்றாலும் சத்தம் விட்டு விட்டு வரும். இஸ்தோப்பிலோ (முன் திண்ணையிலோ) மலைச்சரிவிலோ பதிவதானால் மைக்குக்கு ஸ்பொஞ்ச் தொப்பி கட்டாயம்.

வயர் முறிவது பெரும்பாலும் பிளக்கிலிருந்து இரண்டு மூன்று சென்டிமீற்றருக்குள்தான். ஹெட்போனில் கேட்டுக்கொண்டே அந்த இடத்தை மெல்ல வளையுங்கள். சத்தம் வந்து வந்து போனால் மைக்கின் தலை நன்றாக இருக்கிறது. முறிந்த துண்டை வெட்டி எறிந்துவிட்டுப் புதுப் பிளக் பற்றவைத்தால் சரி. இந்த மெல்லிய வயர்களின் செம்பு இழைமேல் வார்னிஷ் பூச்சு உண்டு. அதைச் சுரண்டியோ ஈயத்தால் சுட்டோ எடுக்காவிட்டால் ஈயம் ஒட்டியதுபோல் தெரியும், மின்சாரம் பாயாது. நிறத்தை நம்பாமல் மல்டிமீற்றரால் ஒவ்வொரு இழையையும் பார்த்துப் பற்றவையுங்கள். எதுவும் பிடிபடாவிட்டால் மைக்கை வேறொரு கணினியில் போடுங்கள், இந்தக் கணினியில் வேறொரு மைக்கைப் போடுங்கள். கோளாறு எதோடு கூடப் போகிறதோ அதுதான் பழுது.

நீண்ட பதிவுக்கு உட்காரும் முன் லெப்டொப் தூங்கும் நேரத்தை "நெவர்" என்று மாற்றுங்கள், பட்டரியில் ஓடும்போதும். பதிவை 48,000 ஹெர்ட்ஸ், 16 பிட், மோனோ, வேவ் கோப்பாகச் சேமியுங்கள். ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 345 எம்.பி. பிடிக்கும். எம்பி3 ஆகச் சுருக்குவதும் வட்ஸ்அப்பில் குரல்செய்தியாக அனுப்புவதும் கேட்பதற்குப் போதும், ஆவணமாக வைப்பதற்குப் போதாது. பாடியவரின் பெயர், தோட்டம், டிவிசன், திகதி ஆகியவற்றைப் பதிவின் தொடக்கத்தில் வாயாலேயே சொல்லி வைத்தால், கோப்பின் பெயர் மாறினாலும் விவரம் கூடவே இருக்கும்.

ஆசிரியர் அவர்களே, உங்கள் பத்திரிகை வழியாகக் கைபேசிக் கடை, கணினிக் கடை வைத்திருப்போரிடம் ஒரு வேண்டுகோள். மைக் விற்கும்போது வாங்குகிறவரிடம் "கைபேசிக்கா, லெப்டொப்புக்கா, மேசைக் கணினிக்கா" என்று கேட்டு, வளையத்தைக் காட்டி, பொருத்தமான அடப்டரையும் சேர்த்துக் கொடுங்கள். முடிந்தால் கடையிலேயே ஒரு லெப்டொப்பில் சொருகி, நகத்தால் சுரண்டிக் காட்டி அனுப்புங்கள். தோட்டத்திலிருந்து டவுனுக்கு வந்து போகும் பஸ் காசு சில வேளை அந்த அடப்டரின் விலையைவிடக் கூடுதல்.

இப்படிக்கு,
ஒலிப்பதிவு வேலையில் இருக்கும் சிலர்,
ஹட்டன்